விதைநெல்லும் இரண்டு மணிக்கூடுகளும்: தன்வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சிப் பக்கம் பென்சன் எடுத்தவர்கள் பலர் இப்போது கொப்பியும் பேனையுமாக இருக்கிறார்கள். பிள்ளைகளுக்காகத் தங்கள் கதையை எழுதிவைக்கிறார்கள். அப்படி வந்த நாலைந்து கொப்பிகளைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். பொய் எழுத வேண்டுமென்று உட்கார்ந்தவர் ஒருவருமில்லை. ஆனாலும் ஒரே மாதிரியான பிசகுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, பின்னால் தெரிந்ததை அப்போதே தெரிந்ததாக எழுதுவது. என் பெரியப்பாவின் கொப்பியில் ஒரு வரி: "2008 புரட்டாதியில் வளவை விட்டு வெளிக்கிட்டபோதே, இனித் திரும்புவதில்லை என்று எனக்குத் தெரியும்." வாசிக்கும்போது நெஞ்சைப் பிடிக்கும் வரிதான். ஆனால் அடுத்த பக்கத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய சாமான்களை ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறார். கழற்றிய கதவு, கூரைத் தகரம், அம்மி, தண்ணீர் இறைக்கும் மெசின், மூன்று மூட்டை விதைநெல். திரும்புவதில்லை என்று தெரிந்த மனிசன் விதைநெல்லை ஏன் ஏற்றினார்? கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "காலபோக விதைப்புக்கு முன்னம் வந்திடலாம் எண்டுதானடா நினைச்சனான்" என்றார்.

எழுதுகிற பெரியப்பாவுக்கு யுத்தம் முடிந்த 2009 மே மாதம் தெரியும். பெட்டியில் ஏறிய பெரியப்பாவுக்குத் தெரியாது. அந்த இரண்டு பேரையும் ஒருவராக்கினால் கதை கம்பீரமாக இருக்கும், உண்மை போய்விடும். அந்த நாளில் என்ன நினைத்தீர்கள் என்பது மறந்துபோனால், எதைக் காவினீர்கள், எதை நட்டீர்கள், யாருக்குக் கடன் கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள். சாமான்களுக்கு முடிவு தெரியாது.

அடுத்தது, "நேற்று நடந்த மாதிரி இருக்கிறது" என்ற நம்பிக்கை. உல்ரிக் நைசர் என்ற அமெரிக்க உளவியலாளர், 1941 டிசம்பரில் பேர்ள் ஹார்பர் தாக்குதல் செய்தி வந்தபோது வானொலியில் பேஸ்போல் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பல வருடம் நினைத்திருந்தார். அங்கே டிசம்பரில் பேஸ்போல் ஆடுவதில்லை! 1986இல் சலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே எப்படி அறிந்தீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை வருடம் கழித்துத் திரும்பக் கேட்டால் பலரின் கதை மாறியிருந்தது. தங்கள் கையெழுத்தைக் காட்டிய பிறகும் புதுக் கதையிலேயே நின்றவர்கள் உண்டு. ஆகவே நினைவு பளிச்சென்று இருப்பது சரியென்பதற்குச் சாட்சி ஆகாது.

இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் இருக்கிறது. பொருந்தாத விபரத்தைக் கண்டவுடன் திருத்திவிடுவது. ஒரு ரீச்சரின் கொப்பியில், "ஓமந்தையில் ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டு எட்டு ஐம்பதுக்குப் புளியங்குளம் வந்தோம்" என்று இருந்தது. சமாதான காலத்துப் பயணம். அம்மாவுக்குத் தடுமாற்றம் என்று மகள் அதை ஒன்பது ஐம்பது ஆக்கிவிட்டார். பிழை அம்மாவுடையது இல்லை. 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்ரோபரில் அரை மணி பின்னுக்கு இழுத்தது. 2006 ஏப்ரல் வரை அந்தப் புது நேரம் ஓடியது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்தை விடவேயில்லை. ஓமந்தை அரசாங்கப் பக்கம், புளியங்குளம் புலிகளின் பக்கம். ஓமந்தையில் ஒன்பது என்றால் புளியங்குளத்தில் எட்டரை, இருபது நிமிடம் ஓடினால் எட்டு ஐம்பது. ஒற்றை வரியில் இரண்டு ஆட்சி இருந்தது, மகளின் திருத்தம் அதை அழித்துவிட்டது. பழையபடி போட்டு, பக்கத்தில் இரண்டு வரி விளக்கம் சேர்த்தேன்.

நாற்பது வருடத்துக்கு முந்திய உரையாடலை நாடக வசனம் போல மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். "இப்படித்தான் சொன்னதாக ஞாபகம்" என்றால் யாரும் குறைவாக நினைக்கப்போவதில்லை.

முதல் அத்தியாயத்தை, வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற வன்னி அரசன் பண்டாரவன்னியனில் தொடங்குவதும் ஒரு வழக்கம். (கற்சிலைமடுவில் வெள்ளைக்காரன் நட்ட கல் அவர் தோற்கடிக்கப்பட்ட நாள் 1803 ஒக்ரோபர் 31 என்கிறது. நாங்கள் நினைவுநாள் வைப்பது ஓகஸ்ட் 25இல். அதுவே தனிக் கதை.) அவர் இல்லாமலே உங்கள் கதை நிற்கும். உங்கள் பாட்டனார் எந்த வருடம் எந்தக் குளத்தடிக்கு வந்தார் என்பதில் தொடங்கினால் போதும்.

அங்கேதான் "நாங்கள்" என்ற சொல் வந்து மறைக்கும். "காடு வெட்டிக் கழனியாக்கினோம்" என்று எத்தனை கொப்பிகளில் பார்த்துவிட்டேன்! வெட்டியவர்களில் பலர் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த சனம், நாட்கூலிக்கு. நிலம் யாருடைய பெயரில் இருந்தது, கோடாலி யாருடைய கையில் இருந்தது என்று பிரித்து எழுதுங்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது வினைச்சொல்லில் செய்யும் பிழை. முல்லைத்தீவுக்காரரான ஒரு ஐயா, தண்ணீரூற்றில் தாங்கள் சாமான் வாங்கிய முஸ்லிம் கடையைப் பற்றி ஆசையாக எழுதியிருந்தார். கருப்பட்டி வாசம், கண்ணாடிப் போத்தலில் தோடம்பழ இனிப்பு, எல்லாம் இருந்தது. கடைசியில், "1990இல் அவர்கள் போய்விட்டார்கள்." அந்த ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். "போய்விட்டார்கள்" என்பதில் பொய் இல்லை, அனுப்பியவர்தான் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றவரும் இல்லை. இந்தச் சொல் சரிதானா ஐயா என்று மட்டும் கேட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அந்த வரியை வெட்டிவிட்டு எழுதியிருந்தார்: "போகச் சொன்னார்கள். நான் ஒழுங்கை முகப்பில் நின்றேன். கடைக் கொப்பியில் எங்கள் கணக்கு 140 ரூபா இருந்தது. கொடுக்கவில்லை."