பையனுக்கு ஹெர்னியா: விதையைக் காப்பாற்ற நினைத்து நாம் செய்கிற தவறுகள்

பையனுக்குத் தொடையிடுக்கில் ஹெர்னியா இருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். மயக்க மருந்து தாங்குவானா, தழும்பு தெரியுமா, எவ்வளவு ஆகும். மனதை அரிக்கிற கேள்வி கடைசியில்தான் வரும். அதையும் அப்பாவோ தாத்தாவோ குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்: "பின்னாடி கல்யாணம், குழந்தைன்னு ஆகும்போது ஒண்ணும் பிரச்சினை வராதுங்களே?"

நியாயமான கேள்விதான். கத்தி படுகிற இடத்தை ஒட்டியே விதைக்கான ரத்தக் குழாயும் விந்துக் குழாயும் ஓடுகின்றன. ஆனால் அந்தப் பயத்தில் நாம் எடுக்கிற முடிவு, "கொஞ்சம் வளரட்டும், பார்ப்போம்" என்பது. திட்டமிட்டுச் செய்கிற ஆபரேஷனைவிட அந்தக் காத்திருப்புதான் விதைக்குப் பெரிய ஆபத்து.

ஏன் என்று புரிய, ஹெர்னியா எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். கருவில் ஆண் குழந்தையின் விதைகள் முதலில் வயிற்றுக்குள்ளேதான் இருக்கும். ஏழு, எட்டு மாத வாக்கில் தொடையிடுக்கில் உள்ள ஒரு குறுகிய பாதை வழியாக விதைப்பைக்கு இறங்கும். வயிற்றின் உள்ளுறையும் அந்தப் பாதையில் ஒரு பையாகக் கூடவே இறங்கி, பிறப்பையொட்டித் தானாக மூடிக்கொள்ளும். மூடாமல் விட்டுப்போய், அதில் குடல் இறங்கினால் ஹெர்னியா. நீர் மட்டும் இறங்கினால் ஹைட்ரோசில். வலது பக்கம்தான் அதிகம் வரும். மாதம் முழுமையடையாமல் பிறந்த குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். குழந்தை ரொம்ப அழுததால் வந்தது, அரைஞாண் கயிறு இறுக்கியதால் வந்தது, குளிப்பாட்டிய பாட்டி அழுத்தியதால் வந்தது என்று யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அழும்போதும் முக்கும்போதும் வீக்கம் வெளியே தெரியும், அவ்வளவுதான். வழி பிறவியிலேயே திறந்திருக்கிறது.

காத்திருப்பதற்கு ஒரு காரணமும் கையில் தயாராக இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தொப்புள் பிதுங்கி இருந்தது, தானாகச் சரியாகிவிட்டதே! உண்மைதான். தொப்புள் ஹெர்னியா பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிவிடும். (அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துக் கட்டியதால் மூடியது என்று காசுக்குப் பெயர் போய்விடுகிறது.) குழந்தையின் ஹைட்ரோசிலும் ஒன்று, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். தொடையிடுக்கு ஹெர்னியா அப்படித் தானாகச் சரியாகும் என்று நம்பி இருக்க முடியாது. பெல்ட் கட்டுவது, எண்ணெய் தடவி நீவுவது எதுவும் அதை மூடாது. ஹைட்ரோசிலும் தொடையிடுக்கு ஹெர்னியாவும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி வீக்கம் என்பதால்தான் குழப்பம். எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியது டாக்டர்.

காத்திருக்கும்போது என்ன நடக்கலாம்? இறங்கிய குடல் திரும்பி ஏற முடியாமல் அந்தக் குறுகிய பாதையில் சிக்கிக்கொள்ளலாம். ஒரு வயதுக்குள்ளான குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. சிக்கிய குடல் வீங்கும். விதைக்கு ரத்தம் போவதும் வருவதும் அதே பாதையில்தான், அதனால் அந்த ரத்தக் குழாய்களும் நசுங்கும். முதலில் ரத்தம் வெளியேற முடியாமல் விதை வீங்கும், பிறகு உள்ளே வருகிற ரத்தமும் குறையும். குடலைக் காப்பாற்றிவிட்டாலும் அந்தப் பக்கத்து விதை சில மாதங்களில் சுருங்கிப் போகலாம். அவசரமாக, வீங்கிய திசுக்களுக்கு நடுவே செய்கிற ஆபரேஷனும் கஷ்டம். விதை சுருங்குவது திட்டமிட்ட ஆபரேஷனில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். குடல் சிக்கியபின் அது பல மடங்கு.

சரி, சிக்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? வழக்கமாகப் படுத்ததும் உள்ளே போகிற வீக்கம் போகாமல் நிற்கும், கல்லாக இறுகும், தொட்டால் குழந்தை வீறிடும். பால் குடிக்காது, வாந்தி எடுக்கும். வாந்தி பச்சையாக வந்தால் இன்னும் மோசம். ராத்திரி ஆகிவிட்டது, காலையில் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் அழுத்தி உள்ளே தள்ளிப் பார்க்காதீர்கள், வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது வண்டியை எடுங்கள். சென்னையில் தாம்பரத்திலிருந்தோ ஆவடியிலிருந்தோ கிளம்புகிறவர்கள் ஒரு போன் போட்டு, குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிற இடத்துக்கே நேராகப் போவது நல்லது. தெருமுனை நர்சிங் ஹோமில் ஒரு மணி நேரம், அங்கிருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினால் டிராபிக்கில் இன்னொரு மணி நேரம் என்று போகிற நேரம் விதையின் கணக்கில் போகிறது. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு இருக்கிறது. பெரும்பாலும் டாக்டரே மருந்து கொடுத்து அமைதிப்படுத்திக் குடலைப் பக்குவமாக உள்ளே அனுப்பிவிடுவார். வீக்கம் வடிய ஓரிரு நாள் விட்டு ஆபரேஷன் செய்வார்கள்.

ஹெர்னியாவே தெரியாத பையனுக்குக்கூட விதை திடீரென்று வலித்து வீங்கினால் இதே அவசரம்தான். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும்.

ரொம்பக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் விஷயம் மட்டும் வேறு. மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு நின்று நின்று வரும் அபாயம் அவர்களுக்கு உண்டு. 2024-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பச்சிளம் குழந்தைகள் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே ஆபரேஷன் செய்ததைவிட, சில மாதம் தள்ளிச் செய்த குழந்தைகளுக்குத் தீவிரமான சிக்கல்கள் குறைவாக இருந்தன. அந்தத் தள்ளிப்போடல் டாக்டர் கண்காணிப்பில் நடப்பது. மாமியார் சொன்னார் என்று ஆடி கழியக் காத்திருப்பது அந்தக் கணக்கில் சேராது.

அடுத்த தவறு, பெரியவர்களுக்கு ஹெர்னியா செய்கிற டாக்டரிடமே குழந்தையையும் கொண்டுபோவது. பெரியவர்களுக்குத் தசைச் சுவரே பலவீனமாகி இருக்கும், வலை வைத்துத் தைப்பார்கள். குழந்தைக்கு வலை கிடையாது. அந்தப் பையைப் பிரித்தெடுத்து, மேலே கட்டிவிட்டால் முடிந்தது. கேட்க எளிது. ஆனால் கைக்குழந்தையின் பை வெங்காயச் சருகு கனம்தான் இருக்கும். அதன்மேலேயே ஒட்டிக்கொண்டு விந்துக் குழாய் மெல்லிய நூலாக ஓடும், பக்கத்திலேயே மயிரிழை ரத்தக் குழாய்கள். பையைக் கிழிக்காமல், விந்துக் குழாயை இடுக்கியால் கிள்ளாமல் பிரிக்க வேண்டும். தினமும் இதைச் செய்து பழகிய கையில் விந்துக் குழாய் அடிபடுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஓப்பனா (கீறித் திறந்து செய்வது), லேப்ராஸ்கோப்பியா (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்வது) என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அந்த டாக்டருக்கு எது நன்றாகக் கைவருமோ அது.

போவதற்கு முன் வீக்கம் தெரியும்போது போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன் போனதும் வீக்கம் மாயமாகிவிடும். இரண்டு விதைகளும் விதைப்பையில் இருக்கின்றனவா என்றும் கேட்டுவிடுங்கள். ஒன்று இறங்காமல் இருந்தால் ஹெர்னியாவோடு சேர்த்து அதையும் இறக்கி வைத்துவிடலாம். பொதுவாக ஒன்றரை வயதுக்குள் அதை முடித்துவிடச் சொல்கிறார்கள்.

ஆபரேஷன் அன்று, பசியில் அழுகிறானே என்று ஒரு வாய் பாலைக் கொடுத்துவிட்டு நர்ஸிடம் மறைக்காதீர்கள். வழக்கமாகத் தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், மற்ற பாலுக்கு 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள், ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

முடிந்து வீட்டுக்கு வந்ததும் விதைப்பை வீங்கி, கொஞ்சம் நீலம் பாரித்து இருக்கும். பார்த்ததும் "திரும்ப வந்துடுச்சு" என்று பதறி, டாக்டரைக் கேட்காமல் ஸ்கேன் சென்டருக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அந்த வீக்கம் சில நாளில், சிலருக்குச் சில வாரத்தில் வடியும். புதிதாக ஆபரேஷன் ஆன பக்கத்தில் ரத்த ஓட்டம் ஸ்கேனில் தற்காலிகமாக மாறித் தெரியலாம். அதைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சல், சீழ், நாளாக ஆகக் கூடுகிற வலி என்றால் உடனே போங்கள்.

முதல் சில வாரம் இவ்வளவு பதறுகிற நாம், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. ஆபரேஷன் தழும்பு இழுத்துக்கொண்டு விதை மேலே ஏறி நின்றுவிடுவது அரிதாக நடக்கும். வலிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. பையனை வெந்நீரில் குளிப்பாட்டிய பிறகு சம்மணம் போட்டு உட்காரவைத்து, கையைச் சூடு செய்துகொண்டு பாருங்கள். குளிரிலும் கூச்சத்திலும் விதை மேலே ஏறிக்கொள்வது சாதாரணம், வெதுவெதுப்பில் இறங்கிவிடும். வெதுவெதுப்பிலும் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளி வயது வரை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். விதை நன்றாக வளர்வது பருவ வயதில்தான், ஒரு பக்கம் சிறுத்திருந்தால் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். அந்த வயதில் அம்மாவைப் பக்கத்தில் விடமாட்டான். அப்பாதான் பேச வேண்டும்.

இனி தாத்தாவின் கேள்வி. ஒரு பக்கம் ஹெர்னியா ஆபரேஷன் ஆன பையன்களில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் குழந்தைப் பேற்றில் இதனால் பிரச்சினை வருவதில்லை. ஒரு விதை ஆரோக்கியமாக இருந்தாலே பொதுவாகப் போதும். இரண்டு பக்கமும் ஆபரேஷன் ஆனவர்களுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். 'ஆண்மை' போய்விடும் என்ற பயம் வேறு. அது பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் போஸ்டர்கள் நமக்குள் விதைத்தது. ஆண் ஹார்மோன் விதையிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது, விந்துக் குழாய் வழியாகப் போவதில்லை. அந்தக் குழாய்க்கே அடிபட்டாலும் மீசை முளைப்பதும் குரல் உடைவதும் நிற்காது.

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம், எந்த வயதில், குடல் சிக்கியிருந்ததா, விதை எப்படி இருந்தது என்று அதில்தான் எழுதியிருக்கும். குழந்தையில்லை என்று பின்னாளில் டாக்டரிடம் போகிற ஆணிடம், சின்ன வயதில் ஹெர்னியா ஆபரேஷன் ஆனதா என்று கேட்பார்கள். பலருக்குத் தனக்கு ஆனதே தெரிந்திருக்காது. போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள், பையன் பெரியவனானதும் அவனிடமும் சொல்லிவிடுங்கள்.