மெல்லிய அழுத்தக் கலன்: தகைவும் பக்லிங்கும் படிப்படியாகக் கணக்கிடுவது

1963 மே 11. கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் ஏவுதளத்தில் நின்றிருந்த ஓர் அட்லஸ்-அஜீனா ராக்கெட் உள்ளழுத்தம் போனதும் நின்ற இடத்திலேயே மடங்கிச் சரிந்தது. படமெடுத்து வைத்திருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும். பொதுவாக அழுத்தக் கலன் என்றாலே அழுத்தம் கூடி வெடிப்பதைத்தான் பயப்படுவோம். இங்கே குறைந்ததுதான் வினை.

அட்லஸின் தொட்டி 3 மீட்டர் விட்டம் கொண்ட துருப்பிடிக்காத எஃகு உருளை. மிக மெல்லிய இடத்தில் தகட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே விலா எலும்பு போன்ற தாங்கிகளும் கிடையாது. கான்வேர் நிறுவனத்தில் கார்ல் போசார்ட் என்ற பெல்ஜியப் பொறியாளர் தலைமையில் உருவான வடிவமைப்பு இது. எரிபொருள் இல்லாமல் சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் சுமார் 5 பி.எஸ்.ஐ. (0.34 பார்) நைட்ரஜன் அடைத்தே வைத்திருப்பார்கள். (டபிள்யூடி-40 எண்ணெய் இந்த ராக்கெட்டின் தோலைத் துருவிலிருந்து காக்கத்தான் முதலில் தயாரிக்கப்பட்டது.)

இதே மாதிரி ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டு கையாலேயே கணக்குப் போடுவோம். கணினி கடைசியில்தான்.

படி 1: தரவு

எண்கள் என் வசதிக்கு நான் எடுத்துக்கொண்டவை. அட்லஸின் அசல் அளவுகள் அல்ல.

ஆரம் 1500 மி.மீ., தடிமன் 1 மி.மீ., நீளம் 6 மீட்டர். பொருள் குளிர் உருட்டிய 301 ரகத் துருப்பிடிக்காத எஃகு. யங் குணகம் (பொருளின் விறைப்பு) 1,90,000 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (இழுத்தால் பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்பது) 0.3. உள்ளழுத்தம் 0.2 மெகாபாஸ்கல், அதாவது 2 பார். தொட்டியின் தலைமேல் 40 டன் சுமை, அதாவது 392 கிலோநியூட்டன்.

அலகை மி.மீ., நியூட்டன், மெகாபாஸ்கல் என்று ஒரே தொகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அழுத்தம் என்று நான் சொல்வதெல்லாம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம். முழு அழுத்தத்தைப் போட்டால் ஒரு பார் அதிகமாகி, ஆபத்தான தொட்டிகூடப் பத்திரமாகத் தெரியும்.

படி 2: அழுத்தத்தால் வரும் தகைவு

இது சுலபம். தகைவு என்பது ஒவ்வொரு சதுர மி.மீ. பரப்பிலும் விழும் விசை.

சுற்றுத் தகைவு = அழுத்தம் × ஆரம் ÷ தடிமன் = 0.2 × 1500 ÷ 1 = 300 மெகாபாஸ்கல்
நீளவாட்டுத் தகைவு = அதில் பாதி = 150 மெகாபாஸ்கல்

இரண்டும் இழுவைதான். இரு திசைத் தகைவுகளையும் ஒரே எண்ணாக்கும் வான் மீசஸ் முறையில் சேர்த்தால் சுமார் 260 வரும். முழுக் கடினமாக உருட்டிய 301 எஃகு 900-க்கு மேல் தாங்கும் என்பதால் கவலையில்லை. ஆனால் தொட்டிக்குள் திரவம் இருந்தால் அதன் உயரமும் சேரும். 5 மீட்டர் திரவ ஆக்ஸிஜன் அடியில் கூடுதலாக 0.056 மெகாபாஸ்கல் தரும். சுற்றுத் தகைவு அங்கே 84 ஏறிவிடும். ராக்கெட் முடுக்கம் எடுக்கும்போது, உள்ளே உணரப்படும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கோ அதனால் அந்த 84-ஐப் பெருக்க வேண்டும்.

படி 3: அழுத்தமே இல்லாவிட்டால் எவ்வளவு தாங்கும்?

மேலிருந்து அழுத்தினால் மெல்லிய உருளை நசுங்குவதில்லை, நெளிகிறது. அதுதான் பக்லிங். பொருளின் வலிமைக்கு இதில் வேலையே இல்லை. யங் குணகமும் வடிவமும்தான் முடிவு செய்யும். லாரன்ஸ், டிமஷென்கோ, சவுத்வெல் ஆகியோர் 1908 முதல் 1914 வரை கண்டுபிடித்த சூத்திரம் இது:

பக்லிங் தகைவு = 0.605 × யங் குணகம் × தடிமன் ÷ ஆரம்
= 0.605 × 1,90,000 ÷ 1500 = 76.6 மெகாபாஸ்கல்

சுவரின் குறுக்குப் பரப்பு 2 × 3.1416 × 1500 × 1 = 9425 சதுர மி.மீ. பெருக்கினால் 722 கிலோநியூட்டன், அதாவது 73 டன்னுக்கு மேல். நம் சுமை 40 டன்தானே, போதும் என்று தோன்றும்.

போதாது. சோதனைக்கூடத்தில் உருளைகளை நசுக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணில் பாதிகூட வரவில்லை, சிலவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் வந்தது. ஏன் என்பது பல வருடங்கள் தலைவலியாக இருந்தது. 1941-ல் வான் கார்மானும் சியெனும், 1945-ல் டெல்ஃப்டில் கொய்ட்டரும் வழிகாட்டினார்கள். தகட்டின் தடிமன் அளவுக்கே உள்ள ஒரு சிறு பள்ளம், வெல்டிங் ஓரத்தில் ஒரு சுருக்கம், இவையே தாங்குதிறனைச் சாய்த்துவிடும். பிழையே இல்லாத உருளையை யாரும் செய்ய முடியாது.

அதனால் நாசா எஸ்பி-8007 என்ற வழிகாட்டியில் ஒரு குறைப்புக் காரணி கொடுத்தது. எல்லோரும் நாக்டவுன் ஃபேக்டர் என்பார்கள்:

காரணி = 1 − 0.901 × (1 − 2.718 இன் அடுக்கு [−√(ஆரம் ÷ தடிமன்) ÷ 16])

நம் தொட்டிக்கு ஆரம் ÷ தடிமன் 1500. வர்க்கமூலம் 38.7, பதினாறால் வகுத்தால் 2.42; அந்த அடுக்கு 0.089. காரணி 0.18. (1500 என்பது இந்தச் சூத்திரத்தின் எல்லை. அதைத் தாண்டினால் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்.)

தாங்கும் சுமை = 722 × 0.179 = 129 கிலோநியூட்டன். வெறும் 13 டன்! தலையில் இருப்பதோ 40. அழுத்தம் போனால் இந்தத் தொட்டி நிற்காது.

படி 4: அழுத்தம் எவ்வளவு தூக்கிப் பிடிக்கும்?

உள்ளழுத்தம் மேல் மூடியை மேல்நோக்கித் தள்ளும். அந்த விசை:

3.1416 × 1500 × 1500 × 0.2 = 1414 கிலோநியூட்டன் (144 டன்)

சுவர் அமுக்கப்பட வேண்டுமானால் முதலில் இந்த 1414 தீர வேண்டும். அப்புறம்தான் 129. ஆக மொத்தம் 1543 கிலோநியூட்டன், அதாவது 157 டன். சீல் உடைக்காத கூல்டிரிங்க்ஸ் டின்னைக் கையால் நசுக்க முடியாததும், திறந்ததும் சட்டென்று ஒடுங்குவதும் இதே கணக்குதான்.

இன்னொரு உதவியும் உண்டு. அழுத்தம் சுவரை உள்ளிருந்து தள்ளி அந்தச் சிறு பள்ளங்களை நிமிர்த்துகிறது. அதனால் நாக்டவுனும் கொஞ்சம் தளரும். எஸ்பி-8007-ல் அதற்கென்று தனி வரைபடமே இருக்கிறது. முதல் கணக்கில் அதை விட்டுவிடுங்கள். விட்டால் பாதுகாப்பான பக்கம்தான்.

இப்போது உண்மையான கேள்வி: குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் வேண்டும்? சுமைக்கு 1.4 பாதுகாப்புக் காரணி போட்டால் 392 × 1.4 = 549 கிலோநியூட்டன்.

(549 − 129) ÷ 7.07 சதுர மீட்டர் = 59 கிலோபாஸ்கல், சுமார் 0.6 பார்.

காற்று பக்கவாட்டில் தள்ளினால் வளைப்புத் திருப்புமையும் (விசை × தூரம்) வரும். அதை 2 × திருப்புமை ÷ ஆரம் என்று செங்குத்துச் சுமையாக மாற்றிச் சேர்த்துக்கொள்ளலாம். 100 கிலோநியூட்டன்-மீட்டர் என்றால் 133 கிலோநியூட்டன் கூடும். இதற்கும் 1.4 போட்டால் தேவைப்படும் அழுத்தம் 0.86 பார் ஆகிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அழுத்தம் இப்போது நம்மைக் காப்பாற்றும் பக்கம் நிற்கிறது. காப்பாற்றும் விசையை 1.4-ஆல் பெருக்கக் கூடாது. பக்லிங்குக்கு ரெகுலேட்டர் (அழுத்தத்தைச் சீராக வைக்கும் கருவி) தரக்கூடிய மிகக் குறைந்த அழுத்தம், வெடிப்புக்கு ரிலீஃப் வால்வு திறக்கும் மிக உயர்ந்த அழுத்தம். ஒரே தொட்டிக்கு இரண்டு அழுத்தங்களை வைத்து இரண்டு தனிக் கணக்கு. நடுவாந்தரமாக ஓர் அழுத்தத்தை எடுத்து இரண்டையும் முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கணக்கே இல்லை.

படி 5: வெளி அழுத்தம்

தொட்டியிலிருந்து திரவத்தை வேகமாக வடித்துவிட்டு, மேலே காற்றுத் துளையைத் திறக்க மறந்தால்? இரு முனையும் பிடிக்கப்பட்ட உருளைக்குத் தோராயச் சூத்திரம்:

0.92 × யங் குணகம் × (தடிமன் ÷ ஆரம்) இன் அடுக்கு 2.5 ÷ (நீளம் ÷ ஆரம்)

நம் தொட்டிக்கு நீளம் ÷ ஆரம் = 4. விடை 0.0005 மெகாபாஸ்கல், அதாவது 500 பாஸ்கல். ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் உயரம் தரும் அழுத்தம் அவ்வளவுதான்! 144 டன்னைத் தூக்கிய அதே தொட்டி இது. வழக்கமான 0.75 குறைப்பையும் போட்டால் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை.

படி 6: மூடி

உருளையில் எல்லாம் இழுவை என்பதால் மூடியிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நீள்வட்ட மூடியின் விளிம்பில் சுற்றுத் தகைவு:

(அழுத்தம் × ஆரம் ÷ தடிமன்) × (1 − ஆரம்² ÷ (2 × உயரம்²))

தொழிற்சாலைகளில் பரவலாகக் காணும் 2-க்கு 1 மூடியில் உயரம் 750 மி.மீ. அடைப்புக்குள் 1 − 2 = −1. ஆக விளிம்பில் 300 மெகாபாஸ்கல் அமுக்கம். உள்ளிருந்து ஊதும்போதே விளிம்பு சுருங்கப் பார்க்கிறது, தகடு மெல்லியதானால் அங்கே வரிசையாகச் சுருக்கம் விழும். ஆரம் ÷ உயரம் 1.414-க்குள் இருந்தால் இந்த அமுக்கம் வராது.

படி 7: கணினியில் சரிபார்ப்பு

வடிவத்தை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடும் மென்பொருள் வேண்டும். கால்குலிக்ஸ் இலவசம், தொடங்குவதற்குப் போதும். முழுத் தொட்டி வேண்டாம், 600 மி.மீ. உயர உருளை ஒன்று போதும். நெளிவின் அரை அலைநீளம் சுமார் 1.72 × √(ஆரம் × தடிமன்) = 67 மி.மீ. எட்டு முனை ஷெல் எலிமென்ட்டை (மெல்லிய தகட்டுக்கான துண்டு) 20 மி.மீ. அளவில் போட்டால் ஓர் அரை அலைக்கு மூன்றுக்கு மேல் கிடைக்கும். மொத்தம் 14,000 சொச்சம். சாதாரண மடிக்கணினிக்கு இது பெரிய வேலையில்லை. 100 மி.மீ. துண்டுகளாக மெஷ் போட்டால் நெளிவே தெரியாது, விடை மட்டும் தாராளமாக வரும்.

முதலில் அழுத்தம் மட்டும். மாதிரியில் மூடி இல்லாததால் மேல் விளிம்பில் 1414 கிலோநியூட்டனை மேல்நோக்கி நீங்களே போட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் மறப்பது பெரும்பாலும் இதைத்தான். நடு உயரத்தில் 300, 150 வருகிறதா பாருங்கள். விளிம்பை ஒட்டிக் கொஞ்ச தூரம் எண்கள் தாறுமாறாக இருக்கும். அது பிடிமானத்தால் வரும் வளைப்பு.

அடுத்து அழுத்தமின்றி, அமுக்கத்தை மட்டும் போட்டு ஐகன் மதிப்பு பக்லிங், அதாவது போட்ட சுமையை எத்தனை மடங்காக்கினால் நெளியும் என்று தரும் ஆய்வு. 722-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒன்றோடு நிறுத்தாமல் இருபது மதிப்புகள் கேளுங்கள். எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பிழைக்கு இந்த உருளை எவ்வளவு பயப்படுகிறது என்பதற்கு அந்த நெருக்கமே அடையாளம்.

அப்புறம் அழுத்தத்தை முன்சுமையாக வைத்து, அமுக்கத்தை மட்டும் ஐகன் மதிப்பால் பெருக்க விடுங்கள். இரண்டையும் ஒரே படியில் போட்டால் அழுத்தமும் சேர்ந்து பெருகி, பொருளில்லாத எண் வரும். சரியாகச் செய்தால் 722 + 1414 = 2136-க்கு அருகில் வரும். பள்ளத்தை நிமிர்த்தும் உதவி இதில் தெரியாது, ஏனென்றால் இந்த உருளையில் பள்ளமே இல்லை.

பள்ளத்தை நீங்கள்தான் வைக்க வேண்டும். முதல் பக்லிங் வடிவத்தை எடுத்து, அதிகபட்ச விலகல் 1 மி.மீ. ஆகும்படி சுருக்கி, முனைகளின் ஆயங்களோடு கூட்டிவிடுங்கள். இல்லையென்றால் சுவரின் நடுவில் விரலால் தள்ளுவது போல ஒரு சிறு பக்கவிசை வைத்து, அப்புறம் அமுக்கலாம். இரண்டிலும் பெரிய இடப்பெயர்ச்சியைக் கணக்கில் எடுக்கும் நேரிலா ஆய்வு வேண்டும், மேல் விளிம்பை விசையால் அல்லாமல் இடப்பெயர்ச்சியால் இறக்க வேண்டும். விசை ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் திடீரென்று விழும். அந்த உச்சிதான் உங்கள் விடை.

அது பெரும்பாலும் கைக்கணக்கின் 129-ஐவிட அதிகமாகவே வரும். எஸ்பி-8007 பழைய சோதனைகளின் அடிமட்டத்தை ஒட்டி வரைந்தது. அந்த அதிகத்தை மீட்டெடுக்கத்தான் நாசா 2011-ல் மார்ஷல் மையத்தில் 8.4 மீட்டர் விட்டமுள்ள உருளையை வேண்டுமென்றே நசுக்கிப் பார்த்தது. உங்கள் தொட்டியின் நெளிவுகளை அளந்து மாதிரியில் ஏற்றியிருந்தால் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அளக்கவில்லையென்றால் 129-ஐயே வைத்து, ரெகுலேட்டரை 0.86 பாருக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.