சாலையோரச் சோதனையில் ட்ரக்கை நிறுத்திவிட்டார்களா? அடுத்து என்ன செய்ய வேண்டும், படிப்படியாக

அமெரிக்காவில் சொந்த அத்தாரிட்டியில் (சொந்தப் பெயரில் சரக்கு ஏற்றிச்செல்லும் அரசு அனுமதியில்) ஒரே ஒரு ட்ரக்கை வைத்து ஓட்டுகிறவர்களுக்காகவும், டொராண்டோ பக்கமிருந்து எல்லை தாண்டி லோடு கொண்டுபோகும் நம்மவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ட்ரக்குகளை எடைபோட்டுச் சோதிக்கும் வெயிட் ஸ்டேஷனில் ஓரங்கட்டச் சொல்கிறார்கள். அதிகாரி வண்டிக்கு அடியில் படுத்து ஒரு மணி நேரம் போலப் பார்க்கிறார். கடைசியில் ‘அவுட் ஆஃப் சர்வீஸ்’ (சரிசெய்யும்வரை ஓட்டத் தடை) ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, ஓர் அறிக்கையைக் கையில் கொடுக்கிறார். முதல் தடவை யாருக்கும் பதறத்தான் செய்யும்.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. வணிக வண்டிகளின் சோதனைகளை ஒருங்கிணைக்கும் சி.வி.எஸ்.ஏ. அமைப்பு ஆண்டுதோறும் 72 மணி நேரம் நடத்தும் ‘ரோட்செக்’ சோதனையில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு வண்டி இப்படி நிறுத்தப்படுகிறது. சோதனையில் தோற்பதால் மட்டும் தொழில் போய்விடாது. அதற்குப் பிறகு அவசரத்தில் செய்கிற காரியங்களும், செய்யாமல் விடுகிற காகித வேலையும்தான் ஆளைச் சாய்க்கின்றன.

படி 1: வண்டியை ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள்

“அடுத்த எக்ஸிட்டில்தான் கடை இருக்கிறது, மெதுவாகப் போய்விடலாம்” என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். பழுது நீங்கும்வரை அந்த வண்டியை ஓட்டக் கூடாது, ஸ்டிக்கரையும் கிழிக்கக் கூடாது. தடையை மீறி ஓட்டியதாகத் தீர்ப்பானால் முதல் தடவையே சி.டி.எல். (வணிக வண்டி ஓட்டும்) உரிமம் குறைந்தது 180 நாள், அதிகபட்சம் ஓர் ஆண்டு பறிபோகும். அபராதம் தனி. அத்தாரிட்டி புதிது என்றால் இன்னும் கவனம் தேவை. முதல் 18 மாதம் நீங்கள் ‘நியூ என்ட்ரன்ட்’, அதாவது புதிதாக வந்தவர். நிறுத்தப்பட்ட வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டியது பாதுகாப்புத் தணிக்கையில் தெரிந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே தணிக்கையில் தோற்கடித்துவிடுவார்கள்.

எனவே அதிகாரி கிளம்பும் முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தெந்தக் குறைகளுக்காக வண்டி நிற்கிறது? மொபைல் மெக்கானிக் இங்கேயே வந்து வேலை பார்க்கலாமா? வேலை முடிந்ததும் மறுபடி அவர் பார்க்க வேண்டுமா, சரிசெய்தவரின் கையெழுத்து போதுமா? கடைசிக் கேள்விக்கான பதில் இடத்துக்கு இடம் மாறும், அதனால் அவர் வாயாலேயே கேட்டுவிடுவது நல்லது. மெக்கானிக் வர முடியாத இடம் என்றால், வண்டியைத் தூக்கி இழுக்கும் ரெக்கர் ட்ரக்கை வைத்து எடுத்துப்போகலாம்.

அப்புறம் லோடு பிடித்துக் கொடுத்த புரோக்கருக்கு உடனே போன் செய்யுங்கள். டிராக்டரில் (இன்ஜின் உள்ள முன்பகுதியில்) மட்டும்தான் பழுது, ட்ரெய்லர் நன்றாக இருக்கிறது என்றால் வேறொரு டிராக்டர் வந்து லோடை எடுத்துப்போக வழி உண்டு. நேரம் தப்பிய பிறகு விஷயத்தைச் சொன்னால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

வண்டிக்குப் பதில் உங்களையே நிறுத்தியிருந்தால், அதாவது ஓட்டும் நேரத்தில் 11 மணி நேர வரம்பையோ, வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேர வரம்பையோ தாண்டி ஓட்டியிருந்தால், மெக்கானிக்குக்கு வேலை இல்லை. பொதுவாகத் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் கிளம்பலாம். நன்றாகத் தூங்குங்கள்.

படி 2: அறிக்கையை வரிவரியாகப் படியுங்கள்

மேலே உங்கள் யூ.எஸ். டாட் எண் (கம்பெனியின் அரசுப் பதிவு எண்), வண்டியின் வி.ஐ.என். (அடையாள எண்), லைசென்ஸ் பிளேட், தேதி, இடம் எல்லாம் சரியா என்று பாருங்கள். வேறொரு கம்பெனியின் குறை உங்கள் எண்ணில் ஏறுவதும் நடக்கிற கதைதான். பிறகு குறைகளின் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் விதி எண் இருக்கும், அந்தக் குறை வண்டியை நிறுத்தும் அளவுக்குப் பெரியதா இல்லையா என்ற குறிப்பும் இருக்கும். வண்டியை நிறுத்தாத சின்னக் குறைகளையும் சரிசெய்தாக வேண்டும். விளக்கு ஒன்று எரியவில்லை என்றாலும் அதுவும் கணக்கில் ஏறும்.

எழுதப்பட்ட ஒவ்வொரு குறையையும், நீங்கள் தொடுவதற்கு முன், போனில் படம் எடுத்துவையுங்கள். பிற்பாடு வாதாட வேண்டி வந்தால் இந்தப் படங்கள் கைகொடுக்கும்.

படி 3: பழுதின் காரணத்தைப் பிடியுங்கள்

வண்டியை நிறுத்தும் காரணங்களில் முன்னால் நிற்பது பிரேக். ஐந்து ஆக்சில் கொண்ட டிராக்டர்-ட்ரெய்லரில் பத்து பிரேக் இருக்கின்றன. அவற்றில் 20 சதவீதம், அதாவது இரண்டு கெட்டிருந்தால் வண்டி நிற்கும். இங்கே ‘கெட்டது’ என்பதற்குப் பெரும்பாலும் பிரேக்கை இயக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராட் நகரும் தூரம்தான் அளவுகோல். டைப் 30 சேம்பரில் (காற்றழுத்தத்தால் புஷ்ராடைத் தள்ளும் பெட்டியில்) சாதாரண வகைக்கு 2 அங்குலம், லாங் ஸ்ட்ரோக் வகைக்கு 2½ அங்குலம் வரம்பு. அதைவிடக் கால் அங்குலமோ அதற்கு மேலோ கூடினால் முழுக் கேடு. கால் அங்குலத்துக்குக் குறைவாகக் கூடினால் அரைக் கேடு, இப்படி இரண்டு சேர்ந்தால் ஒன்று.

இதை நீங்களே அளந்து பார்க்கப் பழகுங்கள். நான் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற எல்லோரிடமும் முதலில் சொல்வது இதுதான்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். காற்றழுத்தம் 90 முதல் 100 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கும்படி செய்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் போய், சேம்பரிலிருந்து புஷ்ராட் வெளியே வரும் இடத்தில், சேம்பரின் முகத்தை ஒட்டிச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். உள்ளே இருக்கும் ஆள் பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடிக்கட்டும். கோடு வெளியே நகரும். சேம்பரின் முகத்திலிருந்து அந்தக் கோடுவரை ஸ்கேல் வைத்து அளந்தால் அதுதான் ஸ்ட்ரோக். சேம்பரில் காற்றுக்குழாய் சேரும் இடத்தின் மேடு சதுரமாக இருந்தால் அது லாங் ஸ்ட்ரோக் வகை. பத்து பிரேக்கையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் மறுபடி அளக்கும்போது எது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு வருகிறது என்று அதிலேயே தெரியும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. இன்றைய வண்டிகளில் இருப்பது, பிரேக் தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டர். அதில் ஸ்ட்ரோக் கூடிப்போனால் எங்கோ வேறு பழுது இருக்கிறது என்று பொருள். அட்ஜஸ்டரே கெட்டிருக்கலாம், கேம்ஷாஃப்ட் புஷிங் தேய்ந்திருக்கலாம், டிரம் தேய்ந்திருக்கலாம், தவறான முறையில் மாட்டியிருக்கலாம். ரெஞ்சை வைத்து இறுக்கிவிட்டால் அன்றைக்கு அளவு சரியாகக் காட்டும், சில நாளில் மறுபடி தளரும். மலைச்சரிவில் இறங்கும்போது அது தெரியவந்தால் என்ன ஆகும்? இப்படிக் கையால் இறுக்கி ஓட்டுவது ஆபத்து என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே எச்சரித்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் இறுக்கித் தருகிறேன் என்கிற மெக்கானிக்கிடம், ஏன் தளர்ந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

டயர் விஷயம் எளிது. ஸ்டியரிங் டயரில் டிரெட் ஆழம் 4/32 அங்குலம், மற்றவற்றில் 2/32 அங்குலம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். அந்த விளிம்புவரை காத்திருக்காமல் முன்பே மாற்றிவிடுங்கள்.

மெக்கானிக்கின் பில்லில் “பிரேக் வேலை” என்று ஒரே வரியாக எழுதவிடாதீர்கள். தேதி, இடம், வி.ஐ.என்., பிளேட் எண், எந்த ஆக்சில், எந்தப் பக்கம், என்ன பொருள் மாற்றப்பட்டது, வேலை செய்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு குறைக்கும் பில்லில் ஒரு வரி இருக்க வேண்டும்.

படி 4: 15 நாளுக்குள் பதில் அனுப்புங்கள்

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சோதனை நடந்த நாளிலிருந்து 15 நாளுக்குள், எல்லாக் குறைகளும் சரிசெய்யப்பட்டன என்று அறிக்கையிலேயே கையெழுத்திட்டு, பதவியும் தேதியும் எழுதி, அறிக்கையைக் கொடுத்த அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டிய முகவரி அறிக்கையிலேயே இருக்கும். சொந்த அத்தாரிட்டி என்றால் டிரைவரும் நீங்கள்தான், கம்பெனியும் நீங்கள்தான், ஆகவே கம்பெனி சார்பில் கையெழுத்திடுவதும் நீங்களே. ஒரு நகலை 12 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அனுப்பியதற்கான அத்தாட்சியையும் பில்லையும் அதோடு சேர்த்தே வையுங்கள்.

வேறொரு கம்பெனியின் அத்தாரிட்டியில் லீஸுக்கு ஓட்டுகிறீர்களா? அப்படியென்றால் குறை அவர்கள் டாட் எண்ணில் ஏறும், பதில் அனுப்புவதும் அவர்கள் பொறுப்பு. 24 மணி நேரத்துக்குள் கம்பெனி இடத்துக்குப் போய்ச்சேர மாட்டீர்கள் என்றால், அறிக்கையை உடனே அனுப்பிவைக்க வேண்டும்.

படி 5: தவறாக எழுதியிருந்தால் எதிர்த்துக் கேளுங்கள்

சோதனை அறிக்கை வேறு, போலீஸ் டிக்கெட் வேறு. டிக்கெட்டும் கொடுத்திருந்தால், யோசிக்காமல் பணம் கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தால், அதே குறையை மத்தியப் பதிவிலிருந்தும் நீக்கக் கோரலாம். 2014 ஆகஸ்ட் 23 முதல் நடந்த சோதனைகளுக்கு இந்த வசதி உண்டு.

கேட்க வேண்டிய இடம், மத்திய அரசின் ட்ரக் பாதுகாப்புத் துறையான எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வின் ‘டேட்டா க்யூஸ்’ இணையதளம். உங்கள் கோரிக்கை, சோதனை செய்த மாநிலத்துக்கே பரிசீலனைக்குப் போகும். தவறான டாட் எண், ஒரே குறை இரண்டு தடவை எழுதப்பட்டது, உங்கள் வண்டியில் இல்லாத பாகத்தைப் பற்றிய குறை, இவையெல்லாம் நல்ல காரணங்கள். ஆவணத்தை இணைத்து, நாலு வரியில் நிதானமாக எழுதுங்கள். “பிறகு சரிசெய்துவிட்டேன்” என்பது காரணமாகாது, சோதனை நேரத்தில் குறை இருந்ததா என்பதுதான் கேள்வி. அதிகாரி கடுகடுப்பாகப் பேசினார் என்பதும் எடுபடாது.

படி 6: அடுத்த சோதனையைத் தேடிப் போங்கள்

எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வின் சேஃபர் தளத்தில் உங்கள் டாட் எண்ணைப் போட்டால் கடந்த 24 மாதச் சோதனைகளும், எத்தனை சதவீதம் வண்டி நிறுத்தப்பட்டது என்பதும் யாருக்கும் தெரியும். புரோக்கரும் இன்ஷூரன்ஸ்காரரும் பார்ப்பார்கள். ஒரே ஒரு சோதனை நடந்து அதில் வண்டி நின்றிருந்தால் உங்கள் கணக்கு 100 சதவீதம். நூறு வண்டி வைத்திருக்கும் கம்பெனிக்கு ஒரு வண்டி நின்றால் ஒன்றும் தெரியாது, உங்களுக்கு அதுவே முழுப் படம். ஆனால் இதே கணக்கு திரும்பியும் வேலை செய்யும். இன்னொரு சோதனையில் குறையே இல்லாமல் வந்தால் 50 சதவீதம், அதற்கடுத்ததும் சுத்தமாக இருந்தால் 33. சின்ன ஆளுக்குக் கணக்கு இறங்குவதும் வேகமாகத்தான்.

அதனால் வண்டி முழுதாகத் தயாரான பிறகு, வெயிட் ஸ்டேஷனில் நெரிசல் இல்லாத நேரத்தில், சோதனை செய்ய முடியுமா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். நேரமிருந்தால் சில அதிகாரிகள் செய்து தருவார்கள். லெவல் 1 முழுச் சோதனையில் பெரிய குறை எதுவும் இல்லாமல் தேறினால் சி.வி.எஸ்.ஏ. ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அது மூன்று மாதம்வரை செல்லும். அந்தக் காலத்தில் உங்களை மறுபடி முழுச் சோதனைக்கு நிறுத்துவது பெரும்பாலும் குறையும்.

போகும் முன் ஓட்டும் நேரத்தைப் பதியும் இ.எல்.டி. கருவியின் கையேடு, எட்டு நாளுக்கான வெற்று லாக் தாள்கள், ஆண்டுச் சோதனைச் சான்று, மெடிக்கல் கார்டு, இன்ஷூரன்ஸ், பதிவுச் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்து, இருக்கையிலிருந்தே கை எட்டும் இடத்தில் செருகிவையுங்கள். சோதனை சுத்தமாக முடிந்தால், அதற்கும் அறிக்கை எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக “சரி, போங்கள்” என்று அனுப்பிவிட்டால் அது உங்கள் கணக்கில் ஏறாது.