காரைக்குடிலேர்ந்து மொத தடவை குடும்பத்தோட மெட்ராஸ் சுத்திப்பாக்க போறீங்களா

நாங்க மொத தடவை மெட்ராஸ் போனப்ப வீட்ல 7 பேரு, 3 நாள்ல 14 இடம்னு நோட்டுல எழுதி வச்சிருந்தோம், ஒழுங்கா பாத்தது 5 தான். அதுலயும் ஒரு இடத்துக்கு லீவு நாள் எதுன்னு கேக்காம போயி பூட்டுன கேட்டு முன்னாடி வெயில்ல நின்னோம். அதனால இத மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன், ஒரு நாளைக்கு 2 இடம் போதும், காலைல ஒண்ணு சாயந்தரம் ஒண்ணு, நடுவுல ரூமுக்கு வந்து சாப்ட்டு படுத்து எந்திரிக்கணும். வீட்ல யாரு மெதுவா நடப்பாங்களோ அவங்கள வச்சுத்தான் கணக்கு போடணும். எங்க வீட்ல அது அப்பத்தா, முட்டி வலி, 10 நிமிசத்துக்கு மேல நிக்க முடியாது. அப்பத்தாவுக்கு ஆகுற மாதிரி பிளான் போட்டதுக்கப்புறம்தான் பிள்ளைகளுக்கும் அது சரியா இருந்துச்சு.

எப்ப போறதுன்னா ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நல்லாருக்கும். மே மாசம் வேண்டவே வேண்டாம், நவம்பர்ல மழை. காணும் பொங்கல் அன்னைக்கு மெரினா பக்கம் சின்னப் பிள்ளைகள கூட்டிட்டு போகாதீங்க, அவ்வளவு கூட்டம்.

ரயில்னா பல்லவன்தான் நமக்கு வசதி, விடிகாலைல நம்ம ஊர்லயே கிளம்புது, ஓடிப்போயி ஏற வேண்டியதில்ல, மத்தியானத்துக்கு மெட்ராஸ். ஆனா அதுல உக்காந்துதான் போகணும், வயசானவங்க படுத்துட்டு போகணும்னா ராமேஸ்வரத்துலேர்ந்து ராத்திரி வர்ற வண்டில பெர்த் போடுங்க. 60 நாளைக்கு முன்னாடி ரிசர்வேசன் ஓப்பன் ஆகுது, பிள்ளைக லீவுன்னா அன்னைக்கே போட்ரணும், 7 பேருக்கு தட்கல நம்பி இருக்காதீங்க. பஸ்ல போறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், முன்ன மாதிரி கோயம்பேடு இல்ல இப்ப, கிளாம்பாக்கத்துல இறக்கி விட்டுருவாங்க, அங்கேர்ந்து எழும்பூர் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். தூக்கக் கலக்கத்துல பையும் பிள்ளையுமா இறங்கிட்டு அங்க நின்னு யோசிக்க முடியாது, எதுல ஏறப் போறோம்னு முதல் நாளே பேசி வச்சுக்கங்க.

ரூம் எழும்பூர் ஸ்டேசன் பக்கமே, கென்னட் லேன் மாதிரி இடத்துல பாத்தா அலைச்சல் மிச்சம். போன்ல பேசும்போது 2 விசயம் கேட்ரணும். லிஃப்ட் ஓடுதா, அப்பறம் வாடகை 24 மணி நேரக் கணக்கா இல்ல பகல் 12 மணிக் கணக்கா. 12 மணிக் கணக்குன்னா ராத்திரி வண்டில வந்து விடிகாலைல இறங்குறவங்களுக்கு ஒரு நாள் வாடகை சேந்து விழும். "லிஃப்ட் இருக்கா"ன்னு கேட்டா இருக்குன்னுதான் சொல்லுவாங்க, நாங்க போன லாட்ஜ்லயும் இருந்துச்சு, ஓடல. அப்பத்தா 3 மாடி ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து ஏறுனத நெனச்சா இன்னும் மனசு கேக்க மாட்டேங்குது. அதான் "ஓடுதா"ன்னு கேக்கச் சொல்றேன்.

மொத நாள் சாப்பாடு வீட்லேர்ந்தே கட்டிக்கங்க, புளியோதரையும் பொடி தடவுன இட்லியும் வாழை இலைல கட்டுனா மத்தியானம் வரைக்கும் தாங்கும். சீப்புச்சீடை, கைமுறுக்கு ஒரு டப்பா, எங்க கியூல நின்னாலும் பிள்ளைக அழாது.

மொத இடமா எழும்பூர் மியூசியத்த வைங்க, வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. 1851-ல ஆரம்பிச்சது, உள்ள கட்டடம் கட்டடமா இருக்கு, எல்லாத்தையும் பாக்கணும்னு நெனச்சா கால் போயிரும். திமிங்கல எலும்புக்கூட்ட பிள்ளைகளுக்கு காட்டிட்டு நேரா வெங்கலச் சிலை இருக்கிற கட்டடத்துக்கு வந்துருங்க. அங்க திருவெண்காடு அர்த்தநாரி இருக்கு, சோழர் காலத்துச் சிலை. எத்தனை கைன்னு எண்ணுங்கன்னு பிள்ளைககிட்ட சொல்லுங்க, 3 வரும். சிவன் பக்கம் 2, அம்மன் பக்கம் 1. எம்மக ரெண்டு தடவை சுத்தி வந்து எண்ணுனா, அப்பத்தா பக்கத்துலயே நின்னு அம்மன் பக்கத்து இடுப்பு வளைவ பாத்துட்டே இருந்தாங்க, கோவில்ல பட்டும் பூவும் சாத்தி இருக்கும் இங்கதான் முழுசா தெரியுதுன்னாங்க. 10 நிமிசத்துக்கு மேல நிக்க முடியாதவங்க அங்க அரை மணி நேரம் நின்னாங்க. திருவாலங்காட்டு நடராஜரும் அங்கதான், விட்றாதீங்க.

மெரினாவுக்கு சாயந்தரம் 5 மணிக்கு மேல போங்க. நம்ம பிள்ளைகளுக்கு தண்ணின்னா ஊருணிதான் தெரியும், படி எங்க முடியுது எவ்வளவு ஆழம்னு தெரிஞ்ச தண்ணி. கடல் அப்படி இல்ல, அலை திரும்பும்போது காலுக்கு அடில இருக்கிற மண்ணையே உருவிட்டு போகும், நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களையே இழுத்துருக்கு, அங்க குளிக்கத் தடையும் இருக்கு. கால் நனைக்கிறதோட சரி, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவங்க கைய புடிச்சுக்கிட்டு நிக்கணும். கெளம்புறதுக்கு முன்னாடி பிள்ளை கைல உள்பக்கமா பேனாவுல உங்க போன் நம்பர எழுதி விடுங்க, சட்டைப் பைல ஒரு சீட்டும் வைங்க. காணாம போனா ஓடாம அங்கயே நிக்கணும், நாங்க வந்துருவோம்னு வீட்லயே நாலு தடவை சொல்லிக் குடுங்க.

மைலாப்பூர் கபாலீஸ்வரர் கோவில் மத்தியானம் நடை சாத்திருவாங்க, சாயந்தரம் போங்க. ஊருக்குள்ள சுத்த மெட்ரோ ஒரு தடவையாவது ஏறுங்க, எழும்பூர்லயே ஸ்டேசன் இருக்கு, லிஃப்ட்லயே கீழ இறங்கிரலாம். மகாபலிபுரத்துக்கு தனியா ஒரு நாள் வேணும், மொத தடவைல சேக்காதீங்க.

பஸ்ல ஊர் திரும்புறவங்க கடைசி நாள் வண்டலூர் ஜூவ வைங்க, கிளாம்பாக்கத்துக்கு பக்கத்துலயே இருக்கு, செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு. ரொம்ப பெரிய இடம், நடக்க முடியாதவங்களுக்கு பேட்டரி வண்டி இருக்கு, காலைலயே போயி மொதல்ல அந்த டிக்கெட்ட வாங்கிட்டு அப்பறம் உள்ள போங்க. டிநகர்ல துணி எடுக்கிறத அதுக்கு முதல் நாளே முடிச்சு பையெல்லாம் கட்டி வச்சுட்டா, ஜூ பாத்துட்டு அப்படியே சாப்ட்டு ராத்திரி பஸ்ல ஏறிக்கலாம், பிள்ளைக திருச்சி வர்றதுக்குள்ள தூங்கிரும்.