அத்தை அடித்தால் முதலில் காலைப் பாருங்கள்

என் மாமியாருக்கு 81 வயது. டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. போன ஐப்பசியில் திடீரென்று குளிக்க வர மாட்டேன் என்று அடம்பிடித்தார். கையைப் பிடித்தால் அடி விழும், சொம்பு பறக்கும். நோய் முற்றிவிட்டது என்று நாங்களே முடிவுகட்டி, டாக்டரிடம் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கி வந்தோம். பகலெல்லாம் தூங்கினார், எழுந்ததும் மறுபடி அடி. பத்து நாள் கழித்து நகம் வெட்ட உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். வலது கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் கட்டியிருந்தது. தண்ணீர் பட்டால் எரியாதா?

"வலிக்குதா?" என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். அத்தையிடம் அப்படிக் கேட்டால் "சாப்பிட்டாச்சு" என்பார். ஒருநாள் முட்டியில் கையை வைத்து, "இங்க உளையுதா அத்தை?" என்றேன். "உளையாம? ராத்திரி பூரா குடையுது" என்றார், தெளிவாக. வலி என்ற சொல் அவருக்குத் தொலைந்துவிட்டது. உளைச்சல், குடைச்சல், கடுப்பு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர் முன்பு எந்தச் சொல்லைப் புழங்கினாரோ அதையே சொல்லி, இடத்தைத் தொட்டுக் கேளுங்கள். பதிலுக்கு அரை நிமிடமாவது பொறுங்கள்.

பேச்சு நின்றுபோனவர் என்றால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நர்சிங் படிக்கும் என் மகள் 'பெயினாட்' என்ற வலி அளவையைக் காட்டினாள். மூச்சு, முனகல், முகம், உடம்பு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. எண் கூடினால் வலி அதிகம். அத்தைக்கு உட்கார்ந்திருக்கும்போது போட்டால் 1. கட்டிலிலிருந்து எழுப்பும்போது போட்டால் 6! ஆகவே எழுப்பும்போது, புரட்டும்போது, துணி மாற்றும்போது பாருங்கள். அவருடைய வழக்கத்தோடும் ஒப்பிடுங்கள். எங்கள் அத்தை இயல்பிலேயே சிடுமூஞ்சி, அவர் சிரிக்காதது ஒரு செய்தியே இல்லை. காபி வேண்டாம் என்றால்தான் எனக்குப் பகீர் என்று இருக்கும்.

சந்தேகம் வந்தால் தலையிலிருந்து கால்வரை தேடுங்கள். பல்செட்டைக் கழற்றி ஈறைப் பாருங்கள். மலம் கழித்து எத்தனை நாள், சிறுநீர் சரியாகப் போகிறதா, அடிவயிறு உப்பியிருக்கிறதா? முதுகின் அடிப்பக்கம், குதிகால் சிவந்திருக்கிறதா? பிறகு முட்டி, நகம். தினக் காலண்டர் தாளின் பின்புறம் நேரத்தோடு குறித்து வைப்பேன். டாக்டரிடம் "ரொம்ப முரண்டு பிடிக்கிறாங்க" என்பதைவிட "மூன்று நாளாக எழுப்பும்போது மட்டும் கத்துகிறார்" என்றால் அவருக்கு வேலை சுலபம்.

நகம் ஆறிய பிறகும் முட்டி வலி இருந்தது. டாக்டர் பாராசிட்டமாலை வேளை தவறாமல் கொடுக்கச் சொன்னார். வலிக்கிறது என்று கேட்டு வாங்கத் தெரியாதவருக்கு 'வலித்தால் மட்டும்' என்ற கணக்கு எப்படிச் சரிவரும்? நார்வே முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்விலும், வலிக்கு முறையாக மருந்து கொடுத்ததும் முரட்டுத்தனம் குறைந்தது. பெரும்பாலோருக்குக் கொடுத்தது பாராசிட்டமால்தான். அளவை டாக்டரிடமே கேளுங்கள், உடல் எடையும் கல்லீரலும் பார்த்துத்தான் சொல்வார். சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கும், இரட்டிப்பாகிவிடக் கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும்.

விழுந்தபின் காலை ஊன்றவில்லை, சிறுநீர் நின்றுவிட்டது, காய்ச்சலோடு திடீர்க் குழப்பம் அல்லது மயக்கம் என்றால் குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இப்போது அத்தைக்கு மாத்திரை ஒன்பதரைக்கு, குளியல் பத்தரைக்கு. சொம்பை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். சில நாள் என் தலையிலும் ஊற்றுகிறார்.