புதுக் கம்ப்யூட்டர் எழவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் முதல் நாளே எழவில்லை என்றால், உள்ளே ஏதோ எரிந்துபோய்விட்டது என்றுதான் மனம் முதலில் நினைக்கும். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ஒரு கேபிள் முழுதாக உட்கார்ந்திருக்காது. மானிட்டர் கேபிள் வேறு துளையில் இருக்கும். டாக்சியில் வந்த குலுக்கலில் ஒரு கார்டு நகர்ந்திருக்கும். அல்லது கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே நாம் பொறுமை இழந்து அணைத்திருப்போம்.

பட்டனை அமுக்கியதும் வரிசையாக நான்கு காரியங்கள் நடக்கின்றன: மின்சாரம் வருகிறது, திரையில் படம் வருகிறது, விண்டோஸைச் சேமித்து வைத்திருக்கும் எஸ்எஸ்டி டிரைவ் கம்ப்யூட்டரின் கண்ணில் படுகிறது, பிறகு விண்டோஸ் எழுகிறது. எதில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. மின்சாரமே வராத கம்ப்யூட்டருக்கு விண்டோஸை மறுபடி போடுவதைப் பற்றி யோசிப்பது வீண்.

கை வைப்பதற்கு முன்

ரசீது, வாரண்டி அட்டை, அட்டைப்பெட்டி, ஃபோம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிராண்டு கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப் என்றால், திறப்பதற்கு முன் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். திருகின் மேல் ஸ்டிக்கர் இருந்தால் கிழிக்க வேண்டாம். சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் போன்ற கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த இடத்தில் பாகங்களைத் தேர்ந்தெடுத்துக் கூட்டித் தரச் சொன்ன கம்ப்யூட்டருக்குப் பக்கமூடியைத் திறப்பது பொதுவாகப் பிரச்சினை ஆகாது. இருந்தாலும் ரசீதில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளைப் படித்துவிட்டே திறங்கள்.

திரையில் என்ன எழுத்து வருகிறதோ, உள்ளே எந்த விளக்கு எரிகிறதோ, எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, உடனே ஆன் செய்து பாருங்கள். நான்கைந்தைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. அதே கோளாறு திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மின்சாரமே வரவில்லை: விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை

எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிட்டுச் சுவர் பிளக்கிலேயே நேராகச் செருகுங்கள். சுவரில் இருக்கும் சுவிட்ச் போட்டிருக்கிறதா? அதே பிளக்கில் மின்விசிறியையோ கெட்டிலையோ செருகினால் ஓடுகிறதா? ஓடினால் பிளக்கில் குறையில்லை. நம் ஊர் மூன்று முள் பிளக்கின் உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கிறது. அது போயிருந்தாலும் கம்ப்யூட்டர் செத்ததுபோல் கிடக்கும். மானிட்டரின் மின்கம்பியும் பெரும்பாலும் அதே வகைதான், அதைக் கழற்றி இதில் மாட்டிப் பாருங்கள்.

அடுத்து டெஸ்க்டாப்பின் பின்பக்கம் போங்கள். மின்கம்பி செருகும் இடத்துக்குப் பக்கத்தில், உள்ளே மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பெட்டியான பவர் சப்ளையின் சிறிய சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். கடைக்காரர்கள் ஆஃபில் வைத்து அனுப்புவது வழக்கம். முதல் நாள் கோளாறுகளில் கணிசமானவை இந்தச் சுவிட்சோடு தீர்ந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கம்ப்யூட்டரில் மட்டும் இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள், அதுவும் செருகுவதற்கு முன்னால். சில மலிவான பவர் சப்ளைகளில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நிறத் தள்ளு சுவிட்ச் இருக்கும். சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட். 115-இல் வைத்துக்கொண்டு இங்கே ஆன் செய்தால் டப்பென்று வெடிச் சத்தத்தோடு பவர் சப்ளை போய்விடும். 100-240 என்று லேபிளில் போட்டிருந்தால் கவலையில்லை. கூட வந்த கம்பி வேறு நாட்டு பிளக்காக இருந்தால், சேஃப்டி மார்க் முத்திரை உள்ள இந்நாட்டுக் கம்பியையே வாங்குங்கள்.

ஆன் செய்ததும் வீட்டின் டிபி பாக்ஸில் (மெயின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) சுவிட்ச் விழுகிறதா? கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். சுவிட்ச் விழாமல் நின்றால், வேறு அறையில் உள்ள பிளக்கில் கம்ப்யூட்டரை மட்டும் செருகிப் பாருங்கள். மறுபடியும் விழுந்தால் பவர் சப்ளையில் கசிவு இருக்கலாம். அதற்கு மேல் முயற்சி வேண்டாம், கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தாக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

லேப்டாப் என்றால் விஷயம் சுருக்கம். பல லேப்டாப்கள் பேட்டரியை உறக்கத்தில் வைத்தே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும். கூட வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 20 வாட் கைப்பேசி சார்ஜரைச் செருகிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. அப்படியும் எழவில்லையா? சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அமுக்கி, மறுபடி சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

ஆரம்பத்தில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

முதலில் காத்திருங்கள். டிடிஆர்5 வகை ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) போட்ட புது டெஸ்க்டாப், முதல்முறை ஆன் செய்யும்போது ரேமோடு ஒத்துப்போகும் வேகத்தைத் தானே சோதித்து அமைத்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும், ரேம் கூடுதலாக இருந்தால் இன்னும் நேரமாகும். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாது, தானாக ஒன்றிரண்டு முறை அணைந்து எழவும் கூடும். நடுவில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். 15 நிமிடம் விட்டுவிடுங்கள்.

அதன் பிறகும் கறுப்பு என்றால் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். டெஸ்க்டாப்பின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இரண்டு இடங்களில் இருக்கலாம். யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் மேலே இருப்பது, எல்லாப் பாகங்களும் சேரும் பெரிய பலகையான மதர்போர்டின் துளை. கீழே, கிடைமட்டமாக நீண்ட தகட்டில் இருப்பது, படம் காட்டுவதற்கென்றே உள்ள கிராஃபிக்ஸ் கார்டின் துளை. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளைக் கீழே உள்ளதில்தான் செருக வேண்டும். கோர் ஐ5-12400எஃப் போல இன்டெல் சிப்பின் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தாலும், ரைசன் 5 5600 போன்ற சில ஏஎம்டி சிப்களிலும், படம் காட்டும் பகுதியே சிப்பில் கிடையாது. அவற்றில் மேல் துளை உயிரற்றது. கேபிளை மாற்றிய பின் மானிட்டரின் சொந்தப் பட்டன்களால் சரியான எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட்டைத் தேர்ந்தெடுக்கவும் மறக்காதீர்கள்.

இப்போது மூடியைத் திறக்கும் நேரம். சுவர் சுவிட்சை அணைத்து, கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை 10 விநாடி அமுக்கி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இடையிடையேயும் தொட்டுக்கொள்ளுங்கள். டெலிவரியில் வந்ததென்றால் கிராஃபிக்ஸ் கார்டைத் தாங்க உள்ளே ஊதிய ஃபோம் பை வைத்திருக்கலாம், அதை எடுத்தாக வேண்டும்.

பல மதர்போர்டுகளின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருக்கும்: சிபியு (முதன்மைச் சிப்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் இருக்கும் டிரைவ்). ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். அணையாமல் நிற்கும் விளக்குதான் குற்றவாளியைக் காட்டுகிறது. மூடியைத் திறந்தபடியே கம்பியைச் செருகி இதை மட்டும் பார்த்துவிட்டு, மறுபடி பிடுங்கிவிடுங்கள்.

டிராம் விளக்கு நின்றால் ரேமைக் கழற்றி மாட்ட வேண்டும். ரேம் பட்டையின் முனையில் உள்ள கொக்கியை வெளிப்புறம் தள்ளுங்கள், பட்டை சற்று எழும்பும். விளிம்பைப் பிடித்து நேராக மேலே எடுங்கள். தங்க நிறப் பற்களைத் தொடாதீர்கள். பட்டையின் அடியில் ஒரு வெட்டு இருக்கும், அது சரியாக நடுவில் இருக்காது. துளையில் உள்ள மேட்டோடு அந்த வெட்டு பொருந்தினால்தான் இறங்கும். எதிர்ப்புறமாக வைத்து அழுத்தினால் துளை உடையும். பொருந்தியதும் இரு முனைகளையும் கட்டைவிரலால் மாறி மாறி அழுத்துங்கள், ‘கிளிக்’ என்று கொக்கி தானே விழும் வரை. அதற்கு ஆரம்பநிலையினர் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும். ‘உட்கார்ந்துவிட்டது’ என்று நினைத்து நிறுத்தும் இடத்தில் பட்டை பாதிதான் இறங்கியிருக்கும். நான்கு துளை உள்ள மதர்போர்டில் இரண்டு பட்டை இருந்தால், சிபியுவிலிருந்து எண்ணி 2-ஆவதிலும் 4-ஆவதிலும் போடுவதே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது. ஒரே பட்டையை 2-ஆவதில் மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு அதே துளையில் அடுத்த பட்டையை மட்டும் போடுங்கள். ஒன்றில் எழுந்து மற்றதில் எழவில்லை என்றால், கடைக்காரரிடம் காட்ட அதுவே சாட்சி.

விஜிஏ விளக்கு என்றால் கிராஃபிக்ஸ் கார்டு. கனமான கார்டு பயணத்தில் சரிந்து துளையிலிருந்து ஒரு முனை வெளியே வந்திருக்கும். திருகைக் கழற்றி, துளையின் கடைசியில் உள்ள பிடியை அமுக்கி எடுத்து, நேராக மறுபடி உட்கார வையுங்கள். கார்டின் மேல்விளிம்பில் தனி மின்கேபிள் கேட்கும் இடம் இருந்தால் அது காலியாக இருக்கக் கூடாது.

சிபியு விளக்கு நின்றாலோ, விசிறி ஒரு விநாடி சுற்றி நின்றுபோனாலோ, மதர்போர்டின் மேல் இடது மூலையில் உள்ள 8 முள் மின்கேபிளைப் பாருங்கள். பக்கவாட்டில் இருக்கும் பெரிய 24 முள் கேபிள் மட்டும் போதாது, இரண்டும் வேண்டும். சிபியுவைக் கழற்றும் வேலைக்கு இறங்காதீர்கள். முள் ஒன்று வளைந்தாலும் வாரண்டியில் வாதாட வழியிருக்காது.

விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருளான பயாஸின் அமைப்பு கோணலாகிவிட்டது என்று சந்தேகம் வந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை, மின்கம்பி பிடுங்கிய நிலையில், 5 நிமிடம் கழற்றி வைத்து மாட்டலாம். ஆனால் எஸ்எஸ்டியைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் பற்றிக் கீழே சொல்வதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

படம் வருகிறது, ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறது

முதலில் தம்ப்டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட்டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அப்படியும் இல்லையென்றால் பயாஸுக்குள் போங்கள். ஆன் செய்தவுடன் கீயைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்: டெல், ஏசரில் எஃப்2. எச்பியில் எஃப்10. ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் மதர்போர்டுகளில் டெலீட். சேமிப்பகப் பட்டியலில் எஸ்எஸ்டியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரே இல்லை என்றால், மதர்போர்டிலேயே தட்டையாகச் செருகியிருக்கும் எம்.2 வகை எஸ்எஸ்டி தளர்ந்திருக்கலாம். அதன் முனையில் உள்ள சிறு திருகைக் கழற்றினால் தானே சாய்வாக எழும்பும். அதே சாய்விலேயே முழுதாக உள்ளே தள்ளி, பிறகு தட்டையாக அமுக்கித் திருகுங்கள். பெயர் இருந்தும் எழவில்லை என்றால் பெரும்பாலும் அதில் விண்டோஸே போடப்படவில்லை. கூட்டித் தரும் கம்ப்யூட்டர்களின் விலையில் விண்டோஸ் சேராமல் இருப்பது சகஜம், ரசீதைப் பாருங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள தம்ப்டிரைவில் நிறுவல் கோப்பைத் தயாரித்துக்கொள்ளலாம். அந்தத் தம்ப்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை, பயாஸில் அது அணைந்திருந்தால் ஆன் செய்யுங்கள்.

விண்டோஸ் பாதியில் நிற்கிறது

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், முதல் நாள் அப்டேட்டாக இருக்கலாம். எஸ்எஸ்டி விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசைவே இல்லை என்றால், பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணையுங்கள். விண்டோஸ் எழும் நேரத்தில் இப்படி மூன்று முறை தடைபட்டால் பழுதுபார்க்கும் திரை தானே வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டுங்கள். சரியாகவில்லை என்றால் அவசியமானவற்றை மட்டும் ஓட்டும் சேஃப் மோடில் போய், கடைசியாகப் போட்ட டிரைவரையோ (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) மென்பொருளையோ நீக்குங்கள்.

48 இலக்க எண் கேட்கும் நீலத் திரை வந்தால் பயப்பட வேண்டாம். அது பிட்லாக்கர். பல புதிய கம்ப்யூட்டர்களில் எஸ்எஸ்டி தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றினால் சாவியாக இந்த எண்ணைக் கேட்கக்கூடும். கம்ப்யூட்டரை அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் கைப்பேசி வழியாக நுழைந்தால் அந்த எண் கிடைக்கும். எந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்கினீர்கள் என்பதை இன்றே எழுதி வையுங்கள். பிள்ளையின் கணக்கா, அப்பாவின் கணக்கா என்று தெரியாமல் தேடும் குடும்பங்கள் நிறைய. எண் கிடைக்காவிட்டால் கோப்புகள் போனதுதான்.

அமைக்கும்போது வைஃபை பட்டியலே வரவில்லை என்றால், டெஸ்க்டாப் வந்த அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் ஆன்டெனாவைப் பின்னால் திருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். டிரைவர் இல்லாததால் வரவில்லை என்றால், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கைப் போட்டால் இணையம் வந்துவிடும்.

கடைக்குத் திரும்ப வேண்டிய நேரம்

எரிந்த வாடை, புகை, டிபி பாக்ஸ் விழுவது, மாற்றி மாற்றிப் போட்டும் அசையாத விளக்கு: இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிடுங்கள். எடுத்த படங்களையும் ரசீதையும் பெட்டியையும் கொண்டுபோங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், ‘முதல் ரேம் பட்டையில் எழுகிறது, இரண்டாவதில் டிராம் விளக்கு நிற்கிறது’ என்று சொல்லுங்கள்.

குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க, சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் ‘லெமன் லா’ விதிகளின்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். இல்லையென்று காட்டும் பொறுப்பு கடைக்காரருடையது. பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ நீங்கள் கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். தனிநபரிடம் இணையத்தில் வாங்கிய பழைய கம்ப்யூட்டருக்கு இது பொருந்தாது. கடையோடு பேச்சு முறிந்தால் கேஸ் என்று எல்லாரும் சொல்லும் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதிலும் முடியாவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கும். இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.