யாழ்ப்பாணத்துப் பென்சனும் அமெரிக்க முதுமைக் கொடுப்பனவும்: இரண்டையும் பெறுவோர் கவனிக்க வேண்டியவை

இலங்கை அரச சேவையில் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ தபாலதிபராகவோ பணியாற்றி ஓய்வுபெற்ற பின், பிள்ளைகளுடன் அமெரிக்காவில் குடியேறி அங்கும் சில ஆண்டுகள் உழைத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்களில் உள்ளனர். ஊர்ப் பென்சன் இருப்பதாகச் சொன்னால் அமெரிக்கக் காசு குறைக்கப்படுமா என்பதே இவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. 2025 ஜனவரி 5ஆம் திகதி அமெரிக்காவில் கையெழுத்தான சட்டமொன்று இக்கேள்விக்கான விடையை மாற்றியது. ஆனால், அம்மாற்றம் இருவகைக் கொடுப்பனவுகளில் ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆகவே, நீங்கள் பெறுவது எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சம்பளத்திலிருந்து வரி செலுத்தி, ஆண்டுக்கு நான்குக்கு மேற்படாத புள்ளிகள் வீதம் குறைந்தது 40 புள்ளிகள் சேர்த்தவருக்குக் கிடைப்பது சோஷல் செக்கியூரிட்டி ஓய்வூதியம். வருமானமும் சொத்தும் குறைந்த முதியோருக்குத் தேவை கருதி வழங்கப்படுவது எஸ்.எஸ்.ஐ. இரண்டையும் ஒரே அலுவலகம் வழங்குவதாலும் பெயர்கள் ஒத்திருப்பதாலும் நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். பிழையான அறிவுரைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. எஸ்.எஸ்.ஐ. வழமையாக மாதத்தின் முதலாம் திகதி வரும். ஐயமிருந்தால் உங்களுக்கு வந்த அனுமதிக் கடிதத்தைப் பாருங்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சேவைக்காலத்தை இணைத்துக் கணிக்கும் உடன்படிக்கை எதுவும் இல்லை என்பதால், வட்டுக்கோட்டையில் முப்பது ஆண்டுகள் கற்பித்திருந்தாலும் அந்த 40 புள்ளிகளில் ஒன்றுகூட அதனால் சேராது.

சோஷல் செக்கியூரிட்டியில் முன்பு என்ன நடந்தது என்பதை அறிந்திருப்பது பழைய கடிதங்களை விளங்கிக்கொள்ள உதவும். உழைப்பில் மிக உயர்ந்த 35 ஆண்டுகளின் மாதச் சராசரியை எடுத்து, அதன் முதற் பகுதிக்கு 90 வீதமும், அடுத்த பகுதிக்கு 32 வீதமும், எஞ்சியதற்கு 15 வீதமும் கொடுப்பதே அங்குள்ள கணிப்பு முறை. அவ்வரி செலுத்தாத வேலையொன்றுக்காக வேறு ஓய்வூதியம் பெற்றவருக்கு, 1983இல் இயற்றப்பட்ட ஏற்பாடொன்று அந்த 90 வீதத்தை 40 வரை குறைத்தது. ரெக்சாஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களின் அரச பள்ளி ஆசிரியர்களை அது பெரிதும் பாதித்தது. வெளிநாட்டு ஓய்வூதியம் என்ற வகையில் நமது பென்சனும் அதில் அகப்பட்டது. எனினும், குறைப்பு அந்த ஓய்வூதியத்தின் பாதியைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருந்தது. டொலருக்கு 300 ரூபாய் என வைத்தால் 60,000 ரூபாய்ப் பென்சன் 200 டொலர். ஆகவே குறைக்கக்கூடிய உச்சத்தொகை 100 டொலர் மட்டுமே. ரூபாயின் வீழ்ச்சியால் நமக்கு நேர்ந்த அரிதான நன்மை இது எனலாம்.

அந்த ஏற்பாட்டைப் புதிய சட்டம் 2024 ஜனவரி மாதக் கொடுப்பனவிலிருந்து முற்றாக நீக்கிவிட்டது. ஏற்கெனவே குறைத்துப் பெற்றவர்களுக்கு 2025 பெப்ரவரி இறுதியிலிருந்து நிலுவை வழங்கப்பட்டது. உங்கள் தொகையில் மாற்றம் எதுவும் இல்லையெனில், பழைய அனுமதிக் கடிதத்தையும் 2025இன் வங்கிக் கூற்றுகளையும் எடுத்து, குறைப்பு இருந்ததா, நிலுவை வந்ததா என ஒப்பிட்டுப் பார்த்த பின் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். குறைந்துவிடும் என்ற பயத்தால் விண்ணப்பிக்காமலே இருந்தவர் இனியும் தாமதிக்கக்கூடாது. முழு ஓய்வு வயதை, அதாவது குறைப்பின்றி ஓய்வூதியம் பெறத்தக்க வயதை, கடந்தவருக்கும் விண்ணப்பத்துக்கு முந்தைய காலத்துக்காகப் பொதுவாக ஆறு மாதத்துக்குரிய பின்தொகையே கிடைக்கும். இலங்கையில் கணவரின் மறைவுக்குப் பின் பெறும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் சொந்த உழைப்பில் வந்ததன்று என்பதால், அது முன்பும் இக்குறைப்புக்கு உட்பட்டதில்லை.

எஸ்.எஸ்.ஐ. பெறுவோரின் நிலை வேறு. அங்கே இலங்கைப் பென்சன் இன்றும் வருமானமாகவே கணிக்கப்படுகிறது. மாதத்தில் முதல் 20 டொலரை விலக்கி எஞ்சியது முழுவதும் கழிக்கப்படும். 2025இல் தனிநபருக்கான உச்சத் தொகை 967 டொலர். மேற்சொன்ன 200 டொலர்ப் பென்சன் உள்ளவருக்கு, வேறு வருமானம் இல்லாவிடில், அது 787 ஆகும். பென்சனைச் சொல்லாமல் விடுவது, மிகையாகப் பெற்ற தொகையைத் திருப்பிக் கொடுக்கும் நிலைக்கு ஒருநாள் கொண்டுவந்து நிறுத்தும். பலர் கவனியாத இன்னொன்று உண்டு. பென்சன் யாழ்ப்பாணத்து வங்கிக் கணக்கில் எடுக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போகும், எஸ்.எஸ்.ஐ.யின் சொத்து வரம்போ தனிநபருக்கு 2,000 டொலர், தம்பதியருக்கு 3,000 டொலர். ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபாய் சேர்ந்தாலே தனிநபர் வரம்பை எட்டிவிடுவார் என்பதால், வங்கிப் புத்தகத்தை ஊரிலுள்ளவரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். மேலும், தொடர்ச்சியாக 30 நாட்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் எஸ்.எஸ்.ஐ. நிறுத்தப்படும், திரும்பிச் சென்று அங்கே தொடர்ச்சியாக 30 நாட்கள் இருந்த பின்னரே மீளத் தொடங்கும். நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். கொடியேற்றத்துக்கு வந்து, பூங்காவனமும் பார்த்து, உறவினர் வீடுகளுக்கும் போய்வர எண்ணுபவர் பயணச்சீட்டை எடுக்குமுன் நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சோஷல் செக்கியூரிட்டிக்கு இவ்வளவு இறுக்கம் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் யாழ்ப்பாணத்திலேயே தங்கி அதைப் பெறலாம். குடியுரிமை இல்லாதவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்குமுன் தமக்குரிய விதியைக் கேட்டறிந்து வர வேண்டும். ஊர் திரும்பியவருக்கு இரட்டை உயிர்வாழ் சான்று அமைகிறது: பிரதேச செயலகத்துக்குக் கிராம அலுவலர் மூலம் ஆண்டுதோறும் கொடுப்பது ஒன்று, வெளிநாட்டில் வசிப்போருக்கு அமெரிக்கா தபாலில் அனுப்பும் வினாப்படிவம் மற்றொன்று. இரண்டாவதற்குப் பதில் போகாவிட்டால் கொடுப்பனவு நின்றுவிடும். ஆகவே வீட்டு இலக்கத்துடன் சரியான முகவரியைப் பதிந்துவையுங்கள். இலங்கையில் இருக்கும்போதும் அமெரிக்கக் குடிமகன் ஊர்ப் பென்சனை அமெரிக்க வருமானவரிப் படிவத்தில் காட்டியே ஆக வேண்டும்.

மருத்துவக் காப்புறுதியான மெடிக்கெயார் யாழ்ப்பாணத்து வைத்தியச் செலவை ஏற்காது. ஆயினும் வைத்தியர் சேவைகளுக்கான அதன் 'பி' பகுதிக்குரிய மாதக் கட்டணம், 2025இல் பொதுவாக 185 டொலர், ஓய்வூதியத்திலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்திவிட்டுப் பின்னர் மீண்டும் சேர்பவருக்கு, விலகியிருந்த ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டணத்தில் 10 வீதம் கூடும். எனவே, ஊரோடு தங்கிவிடுவது முற்றாக முடிவானால் மட்டுமே அதை நிறுத்துங்கள்.